மேட்டூர் திறப்பு நிச்சயமில்லாத வருஷத்தில் நெல் போடுவது எப்படி? மனக்கணக்கும் மாற்றுத் திட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இவை யாருடைய கேள்விகள்?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் ஆற்றுத் தண்ணீரை நம்பி நெல் போடுகிறவர்கள் மே மாதக் கடைசியில் கேட்க ஆரம்பித்து கார்த்திகை வரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கிற கேள்விகள். தண்ணீர் எப்போது வரும், எத்தனை நாள் வரும், மழை எப்படி இருக்கும் என்று எதுவும் தெரியாத நிலையில் விதை மூட்டையைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் மனசு சொல்வதை எதுவரை நம்பலாம், எந்த இடத்தில் திட்டத்தை மாற்ற வழி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இங்கே பேச்சு. ரகம், உரம், மருந்து பற்றிய முழு விவரத்துக்கு உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தைக் கேளுங்கள்.

ஜூன் 12 என்று தேதி இருக்கிறதே, அப்புறம் என்ன குழப்பம்?

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம், அவ்வளவுதான். அணையில் தண்ணீர் இருந்தால்தான் அந்தத் தேதி செல்லும். 2012-ல் செப்டம்பர் 17-ல் திறந்தார்கள். 2016-ல் செப்டம்பர் 20. 2017-ல் அக்டோபர் 2. 2018-ல் ஜூலை 19, 2019-ல் ஆகஸ்ட் 13. 2020-ல் சரியாக ஜூன் 12-ல் திறந்தது. 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். 2024-ல் மறுபடி ஜூலை 28-க்குப் போய்விட்டது.

திறந்துவிட்டால் கவலை விட்டது என்றும் சொல்ல முடியாது. 2023-ல் அணை நூறு அடிக்கு மேல் இருக்கும்போது ஜூன் 12-ல் முறையாகத் திறந்தார்கள். ஜூனில் தொடங்கும் குறுகிய காலப் போகமான குறுவையைப் போட்டவர்கள் நம்பிக்கையோடுதான் போட்டார்கள். அக்டோபர் 10-ல் பாசனத்துக்கான தண்ணீரை நிறுத்த வேண்டி வந்தது. அணை முப்பது அடி அளவுக்கு இறங்கியிருந்தது. அடுத்து வரும் நீண்டகாலப் போகமான சம்பாவுக்கு நாற்று விட்டவர்களும் நேரடியாகத் தெளித்தவர்களும் மழையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் முடிவெடுக்கும் நேரத்தில் மறந்துபோகிறது. குறுவைத் தண்ணீரைத் தீர்மானிப்பது குடகிலும் வயநாட்டிலும் ஜூன், ஜூலையில் பெய்கிற தென்மேற்குப் பருவமழை. அது கர்நாடகத்தில் உள்ள கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளை நிரப்ப வேண்டும், அப்புறம் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலு தாண்டி வர வேண்டும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்குப்படி சாதாரண வருஷத்தில் கர்நாடகம் நமக்கு விட வேண்டியது 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி); அதில் ஜூன் மாதப் பங்கு 9.19, ஜூலைப் பங்கு 31.24. பற்றாக்குறை வருஷத்தில் அந்த எண்கள் காகிதத்தில் நிற்கும். நம் வீட்டு வாசலில் நின்று வானத்தைப் பார்த்தால் இதில் எதுவும் தெரியாது.

அனுபவமுள்ளவர்கள் பார்த்த உடனே சொல்லிவிடுகிறார்களே, அது எப்படி?

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு பெரியவரோடு வரப்பில் நடந்துகொண்டிருந்தேன். சம்பா பொதிப் பருவத்தில், அதாவது கதிர் உள்ளே திரளும் பருவத்தில் இருந்தது. எனக்கு எல்லாத் துண்டும் ஒரே பச்சையாகத்தான் தெரிந்தது. அவர் ஒரு இடத்தில் நின்று, "தம்பி, அந்த மேலத் துண்டுல புகையான் இறங்கியிருக்கும், இறங்கிப் பாருங்க" என்றார். இறங்கி ஒரு தூரைப் பிடித்துத் தட்டினேன். பொடிப் பொடியாகப் பழுப்புப் பூச்சிகள் தண்ணீரில் விழுந்தன. எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு முதலில் "பாத்தா தெரியும்" என்று மட்டும் சொன்னார். விடாமல் கேட்டபோதுதான் ஒவ்வொன்றாக வந்தது. அந்தத் துண்டின் பச்சை மற்றதைவிடக் கருத்திருந்தது. யூரியா கூடுதலாகப் போயிருக்கிறது. நடுவில் பட்டம் (நடைவழி இடைவெளி) விடாமல் நெருக்கி நட்டிருக்கிறார்கள், காற்றுப் புகவில்லை. நாலு நாளாக மந்தாரம். தண்ணீர் வடியாமல் நிற்கிறது. இந்த நாலும் சேர்ந்தால் என்ன வரும் என்பதை அவர் பல வருஷம் பார்த்திருக்கிறார். பார்த்தது எல்லாம் சேர்ந்து ஒரே நொடியில் ஒரு முடிவாக வந்து நிற்கிறது. காரணங்கள் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

அமெரிக்க உளவியலாளர் கேரி கிளைன் 1980-களில் தீயணைப்புப் படைத் தலைவர்களிடம் இதையே ஆராய்ந்தார். எரிகிற வீட்டின் முன்னால் நிற்கிறவர் இரண்டு மூன்று வழிகளை எடை போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பார் என்று நினைத்துத்தான் போனார். பெரும்பாலும் அவர்கள் ஒப்பிடவே இல்லை. நிலைமையைப் பார்த்ததும், 'இது இன்ன மாதிரி தீ' என்று அடையாளம் தெரிகிறது. கூடவே செய்ய வேண்டியதும் தோன்றுகிறது. அதை மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, இடறவில்லை என்றால் செய்துவிடுகிறார்கள். கிளைன் சொன்ன ஒரு சம்பவத்தில், சமையலறைத் தீ என்று நினைத்து உள்ளே போன ஒரு அதிகாரி, ஏதோ சரியில்லை என்று பட்டதும் ஆட்களை வெளியே வரச் சொன்னார். வந்த கொஞ்ச நேரத்தில் அவர்கள் நின்ற தரையே உள்ளே சரிந்தது. தீ கீழ்த்தளத்தில் இருந்திருக்கிறது. தனக்கு ஏதோ அபூர்வ சக்தி இருப்பதாகவே அவர் நம்பினாராம். பேசிப் பார்த்தபோது தெரிந்தது: தண்ணீர் அடித்தும் தீ அடங்கவில்லை, அந்தச் சின்னத் தீக்கு அறையில் இவ்வளவு வெக்கை இருக்கக் கூடாது, சத்தமும் இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை. பொருந்தாதவற்றை அவர் மனசு எண்ணிக்கொண்டே வந்திருக்கிறது.

அப்படியானால் பெரியவர்கள் சொல்வதை எல்லா விஷயத்திலும் கேட்டுவிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் எனக்கு முக்கியமாகப் படுகிற பதில் இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மனித உள்ளுணர்வை நம்பக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த உளவியலாளர் டேனியல் கானமனும், நம்பலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த கிளைனும் சில வருஷங்கள் உட்கார்ந்து விவாதித்து 2009-ல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டது இது. உள்ளுணர்வு நம்பத்தக்கதாக வளர இரண்டு இருக்க வேண்டும். முதலாவது, அந்தத் தொழிலில் அறிகுறிக்கும் விளைவுக்கும் நிலையான தொடர்பு இருக்க வேண்டும். இரண்டாவது, அந்தத் தொடர்பைக் கற்றுக்கொள்ளப் போதுமான வாய்ப்பும், சரியா தப்பா என்ற பதிலும் கிடைத்திருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் ஒருவர் எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் அந்த அழுத்தத்துக்கு மதிப்பில்லை. உறுதியாகச் சொல்வது வேறு, சரியாகச் சொல்வது வேறு.

இதை வயலில் வைத்துப் பாருங்கள். இலை நிறம், தூர் கட்டுவது, வயலில் தண்ணீர் இறங்கும் வேகம், பூச்சி, சேற்றின் பதம், அறுவடைக்கு மணி முற்றியிருக்கிறதா என்பது: இவற்றில் வயல் சில நாளில் பதில் சொல்லிவிடும். யூரியா போட்டால் ஒரு வாரத்துக்குள் நிறம் மாறும். மடையை அடைத்தால் மறுநாள் தெரியும். ஒரே போகத்தில் நூறு தடவை பார்க்கலாம், திருத்திக்கொள்ளலாம். முப்பது வருஷம் வயலில் நின்றவரின் கண்ணை இங்கே தாராளமாக நம்பலாம். என்னைக் கேட்டால் புத்தகத்தைவிட அதிகமாகவே நம்பலாம்.

அணை எப்போது திறக்கும், ஐப்பசியில் மழை எவ்வளவு, தையில் நெல் விலை என்ன? இதற்கெல்லாம் பதில் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். ஐம்பது வருஷம் விவசாயம் பார்த்தவருக்கும் ஐம்பது பதில்தான். அந்த ஐம்பதும் ஒரே மாதிரி வருஷங்கள் இல்லை. நடுவில் தீர்ப்பு மாறியிருக்கிறது, ஆற்றின் மேல்பகுதியில் சாகுபடிப் பரப்பு மாறியிருக்கிறது, மழை பெய்கிற முறையும் மாறியிருக்கிறது. போதாததற்கு, பலித்த வருஷம் நினைவில் தங்கும், பலிக்காதது நழுவிவிடும். ஆக, அதே பெரியவர் புகையானைப் பற்றிச் சொன்னால் இறங்கிப் பாருங்கள். "இந்த வருஷம் ஆடிப்பெருக்குக்கு ஆறு நுரை தள்ளிக்கிட்டு வரும்" என்று சொன்னால், மரியாதையாகக் கேட்டுக்கொண்டு உங்கள் திட்டத்தில் இரண்டு வழியும் வைத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சாங்கம், எல் நினோ, வானிலை மையம்: எதைப் பார்ப்பது?

அடுத்த ஐந்து நாள் மழைக்கு வானிலை ஆய்வு மையத்தைப் பாருங்கள். உரம் போடுவது, மருந்து அடிப்பது, அறுவடை இயந்திரம் பேசுவது எல்லாம் அதை வைத்துத்தான் இருக்க வேண்டும். பருவம் முழுவதற்குமான முன்னறிவிப்பு நிகழ்தகவாகத்தான் வரும். 'இயல்பைவிட அதிகம் பெய்ய வாய்ப்பு கூடுதல்' என்றால் உங்கள் வயலில் பெய்யும் என்று பொருள் இல்லை.

பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகிற எல் நினோ வருஷத்தில் தென்மேற்கு குறையும், வடகிழக்கு நமக்குக் கூடும் என்று ஒரு போக்கு இருப்பது உண்மை. 2015 அப்படித்தான் இருந்தது. அதே கடல் குளிர்கிற லா நினாவில் வடகிழக்கு குறையும் என்பார்கள். ஆனால் 2021 லா நினா வருஷம்தான், தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 59 சதவீதம் அதிகம். 2016-ல் 62 சதவீதம் குறைந்து சம்பா கருகியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சுமார் 44 செ.மீ. என்பது சராசரி, அந்தச் சராசரி அப்படியே பெய்கிற வருஷம் அபூர்வம். பஞ்சாங்கத்தை வீட்டில் நல்ல நாள் பார்க்க வைத்துக்கொள்ளலாம். விதை வாங்குவதை அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

திட்டம் போட்டு என்ன பயன், எப்படியும் மாறத்தானே போகிறது?

மாறப்போகிறது என்பதற்காகத்தான் திட்டம் வேண்டும். 'இந்த வருஷம் குறுவை, அதை அறுத்த பிறகு தாளடி' என்று ஒரே கோடாகப் போட்டால், கோடு அறுந்த அன்று கையில் ஒன்றும் இருக்காது. 'இந்தத் தேதிக்குள் இது நடந்தால் இப்படி, நடக்காவிட்டால் அப்படி' என்று போட்டால் அந்த நாள் வரும்போது பதறாமல் அடுத்த வேலையைப் பார்க்கலாம். தேதியை எங்கிருந்து எடுப்பது? பயிரின் வயதையும், ஜனவரி 28-ஐயும், ஐப்பசி அடைமழையையும் வைத்துப் பின்னாலிருந்து எண்ண வேண்டும்.

ஒரு உதாரணம். ஆடுதுறை 36, ஆடுதுறை 43, ஏ.எஸ்.டி. 16 போன்ற குறுவை ரகங்களுக்குச் சுமார் 110 நாள். ஜூன் 16 வாக்கில் நாற்று விட்டால் அக்டோபர் முதல் வாரம் அறுக்கலாம், அடைமழைக்கு முன் கரை சேர்ந்துவிடும். ஆகஸ்ட் 1-ல் நாற்று விட்டால் அதே பயிர் நவம்பர் 19-ல் முற்றும். நடுமழையில் சாய்ந்து வயலிலேயே முளைக்கும். ஆகவே ஆற்றுத் தண்ணீர் ஒன்றையே நம்பியிருப்பவருக்கு, ஜூலை முதல் வாரம் தாண்டியும் வாய்க்காலில் தண்ணீர் இல்லை என்றால் குறுவை முடிந்தது. சம்பாவை யோசிக்க ஆரம்பித்துவிட வேண்டும். அந்தத் தேதியை மே மாதத்திலேயே சுவரில் எழுதி வைப்பது நல்லது. ஜூலையில் உட்கார்ந்து யோசித்தால், 'இன்னும் நாலு நாள் பார்ப்போம்' என்றுதான் மனசு சொல்லும்.

சம்பாவுக்கும் இதே கணக்கு. சி.ஆர். 1009 போன்ற நீண்டகால ரகத்துக்கு 155 நாள் என்று வைத்தால், ஆகஸ்ட் 15-ல் விதைத்தது ஜனவரி 17-ல் கைக்கு வரும். செப்டம்பர் 20-ல் விதைத்தால் பிப்ரவரி 22. அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே அணை மூடியிருக்கும். அப்போது 130, 135 நாள் மத்தியகால ரகத்துக்கு இறங்க வேண்டும். அக்டோபருக்குப் போய்விட்டால் இன்னும் குறைந்த வயது. ஆனால் நீங்கள் கேட்கிற அன்று எல்லா ரகமும் கடையில் இருக்காது. திறப்பு தள்ளிப்போன வருஷத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மத்தியகால விதைக்கு அலைவார்கள். ஆகவே திட்டம் என்பது பாதி விதை இருப்புதான். சொந்த விதை கொஞ்சம் காய வைத்து முளைப்புத் திறன் பார்த்து வைத்திருக்கிறவருக்கு மாற்று வழி உண்மையிலேயே இருக்கிறது. மற்றவருக்கு அது பேச்சில்தான் இருக்கிறது.

கிளைன் சொன்ன இன்னொரு வழியும் நமக்குப் பொருந்தும். விதைக்கும் முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, 'தை மாசம் ஆகிவிட்டது, இந்தப் போகம் போய்விட்டது, ஏன் போனது?' என்று முடிந்துபோன கதையாகப் பேச வேண்டும். 'ஏதாவது தப்பு நடக்குமா' என்று கேட்டால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். போய்விட்டது என்று வைத்துக் கேட்டால், வீட்டு அம்மா "அந்த வடிகால் தூர் வாராம கிடந்துச்சு" என்று முதலில் சொல்வார். அதுதான் நமக்கு வேண்டியது.

நேரடி விதைப்பா, நடவா?

வாய்க்காலின் கடைசியில் இருக்கிற கடைமடைக்காரர்களுக்கு இது பெரிய கேள்வி. புழுதியில் நேரடியாக விதைத்தால் ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டாம். ஆவணி, புரட்டாசியில் கிடைக்கிற மழையில் முளைத்துவிடும். அடைமழை வரும்போது பயிர் வேர் பிடித்து நின்றிருக்கும். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் இதனால்தான் இதை விடாமல் செய்கிறார்கள். விதை ஏக்கருக்கு 30 கிலோ போகும், களை அதிகம், முளைத்த பின் மழை நின்றுவிட்டால் காய்ந்துபோகும் ஆபத்தும் உண்டு. நடவில் நீண்டகால ரகத்துக்கு ஏக்கருக்கு 12 கிலோ போதும், களை குறைவு. ஆனால் தண்ணீர் நிச்சயம் வேண்டும், ஆள் வேண்டும், அக்டோபர் கடைசியில் நட்ட இளம் பயிர் வெள்ளத்தில் மூழ்கிவிடும்.

நிலம் முழுவதையும் ஒரே முறையில் போடாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது. மேடான துண்டில் நேரடி விதைப்பு, வாய்க்காலுக்குப் பக்கத்துத் துண்டுக்கு நாற்றங்கால், தேதியிலும் பத்து நாள் இடைவெளி. எல்லாம் அமோகமாக வருகிற வருஷத்தில் கொஞ்சம் குறையும். கெட்ட வருஷத்தில் எல்லாம் ஒரே நாளில் போகாது. தண்ணீர் தேங்கும் தாழ்வான துண்டுக்கு ஸ்வர்ணா சப்-1, சி.ஆர். 1009 சப்-1 போன்ற ரகங்களைப் பாருங்கள். இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் திரும்ப எழுந்து வரும் தன்மை அவற்றுக்கு இருக்கிறது.

நாற்று விட்டாச்சு, தண்ணீர் வரவில்லை. இன்னும் காத்திருக்கலாமா?

குறுகிய கால ரகத்துக்கு 18 முதல் 22 நாள், மத்தியகாலத்துக்கு 25 முதல் 30, நீண்டகாலத்துக்கு 30 முதல் 35 நாள் நாற்றுதான் சரி. குறுகிய கால ரகத்தில் வயது ஏற ஏற தூர் கட்டுவது குறையும், அங்கே ஒரு வாரம் தாமதமே அதிகம். நீண்டகால ரகம் கொஞ்சம் தாங்கும். பக்கத்தில் போர் தண்ணீர் விலைக்குக் கிடைத்தால் நாற்றங்காலை மட்டும் காப்பாற்றி வைப்பது பெரும்பாலும் லாபம். கடைமடையில் நிலத்தடி நீர் உப்பாக இருந்தால் அந்த வழி இல்லை. அப்போது நாற்றை விட்டுவிட்டு அடுத்த தேதிக்கான விதைப்புக்குப் போவதுதான்.

ஊரே குறுவை போடுகிறது, நான் மட்டும் எப்படிப் போடாமல் இருப்பது?

பக்கத்து வயல்காரரைப் பார்த்துச் செய்வதில் நியாயம் நிறைய இருக்கிறது. நடுவில் உங்கள் துண்டு மட்டும் தரிசாகக் கிடந்தால் ஆடு மாடு மேயும். நீங்கள் மட்டும் தனியாகப் போட்டால் எலி, பறவை எல்லாம் அங்கேதான் வரும். நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் மொத்தமாகப் பேசினால்தான் வரும். முறைப்பாசனம் (நாள் பிரித்துத் தண்ணீர் விடுவது) வைத்தால் ஒரே வயதுப் பயிர்களுக்குத்தான் தண்ணீர் பங்கிடுவது எளிது. ஆகவே இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். முதலில் இறங்கியவர் யார், எதை வைத்து இறங்கினார்? அவருக்கு போர்செட் இருக்கலாம். கும்பகோணம், பாபநாசம் பக்கம் நல்ல நிலத்தடி நீர் உள்ளவர் அணை திறக்கும் முன்பே குறுவையை ஆரம்பிப்பார், அவர் கணக்கு சரிதான். அவரைப் பார்த்து வாய்க்காலை மட்டும் நம்புகிறவர் இறங்கினால் அது வேறு கணக்கு.

போட்ட பயிரை எப்போது கைவிடுவது?

மனசு மிகவும் அடம்பிடிக்கிற இடம் இது. உழுதது, நட்டது, களை எடுத்தது எல்லாம் கண்முன் நிற்கும். 'இவ்வளவு போட்டாச்சு, இன்னும் ஒரு உரம் போட்டுப் பார்ப்போம்' என்று தோன்றும். போட்ட பணம் எந்த முடிவெடுத்தாலும் திரும்பாது. இனிமேல் போடப்போகிற பணம், இனிமேல் வரக்கூடிய விளைச்சலில் திரும்புமா என்பதை மட்டும் கேளுங்கள். மேலுரம் போடும் நாள், மருந்து அடிக்கும் நாள், டீசல் வாங்கும் நாள் ஒவ்வொன்றும் இந்தக் கேள்விக்கான இடம்.

அங்கேயும் முழுக்க விடுவது, முழுக்கக் காப்பது என்ற இரண்டே வழிதான் என்று நினைக்க வேண்டாம். மூன்று ஏக்கருக்கு அரை வயிறாகத் தண்ணீர் விடுவதைவிட ஒரு ஏக்கருக்கு முழுதாக விட்டுக் கதிர் எடுக்கலாம். பூக்கும் பருவத்தில் தண்ணீர் இல்லாமல் போனால் மணி பிடிக்காது. மற்ற பருவத்தில் கொஞ்சம் காய்ந்தாலும் பயிர் தேறிவிடும். இருக்கிற தண்ணீரை எந்தத் துண்டு முதலில் பூக்கப்போகிறதோ அதற்குக் கொடுங்கள். எந்தத் துண்டு என்று சொல்ல அனுபவசாலியின் கண்தான் வேண்டும்.

பயிர்க் காப்பீடு இருக்கிறதே, துணிந்து இறங்கலாமே?

செய்துவிடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான் விவசாயி கட்டுவது. வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (சாகுபடிச் சான்று) வாங்கக் கூட்டம் இருக்கும், முன்பே போங்கள். இழப்பீடு பெரும்பாலும் ஊர் அளவில் நடக்கும் அறுவடைச் சோதனையின் சராசரியை வைத்துத்தான் வரும். உங்கள் துண்டு மட்டும் போய், ஊர் தப்பித்தால் உங்களுக்கும் வராது. காப்பீட்டில் சேர்ந்த குறிப்பிட்ட இட சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

எனக்கு அனுபவம் இல்லை, இப்போதுதான் அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டேன். இந்தக் கண் எனக்கு எப்போது வரும்?

வெறுமனே வருஷம் ஓடினால் வராது. முன்கூட்டிச் சொல்லி, பிறகு சரிபார்த்தால் சீக்கிரம் வரும். நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 'இன்று யூரியா போடவில்லை, நிறம் போதும் என்று நினைக்கிறேன்', 'இந்த வாய்க்கால் தண்ணீர் வெள்ளிக்கிழமை வரை நிற்கும்' என்று தேதி போட்டு எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து என்ன நடந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். எழுதாவிட்டால், நடந்ததைத்தான் நாம் முன்பே நினைத்தோம் என்று மனசு சாதிக்கும்.

வயலிலேயே பதில் சொல்லும் கருவிகளும் இருக்கின்றன. ஒரு அடி நீள பி.வி.சி. குழாயின் கீழ்ப் பாதியில் துளை போட்டு, அந்தப் பாதியை மண்ணில் புதைத்து, உள்ளே உள்ள சேற்றை எடுத்துவிட்டால் அது நீர்மட்டக் குழாய். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று எட்டிப் பார்க்கலாம். மண் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கும் வரை பயிருக்கு ஆபத்தில்லை, பூக்கும் பருவம் தவிர. முதலில் சேற்றைப் பார்த்து நீங்களே ஒரு அளவு சொல்லுங்கள், பிறகு குழாயைப் பாருங்கள். ஒரு போகம் இப்படிச் செய்தால் குழாய் இல்லாத துண்டிலும் உங்கள் கண் அளந்துவிடும். இலையின் பச்சையை ஒப்பிட்டு யூரியா தேவையா என்று பார்க்கும் இலை வண்ண அட்டையையும் இப்படியே பயன்படுத்தலாம்.

பெரியவர்களிடம் கேட்கும்போது "என்ன செய்யணும் மாமா?" என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "எதைப் பாத்து மாமா அப்படிச் சொல்றீங்க?" என்று கேளுங்கள். காரணம் வயலில் கண்ணால் பார்க்கக்கூடியதாக இருந்தால் அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக வந்தும் அறுவடையில் மழை பிடித்துக்கொண்டால்?

2021 ஜனவரியில் அப்படித்தான் ஆனது, 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் ஆனது. முற்றிய சம்பா தண்ணீரில் சாய்ந்தது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் எடுக்க மாட்டார்கள். தளர்வு கேட்டு, அது வருவதற்குள் நெல் முளைத்துவிடும். இதற்கு முன்னேற்பாடு விதைப்பிலேயே இருக்கிறது: எல்லாத் துண்டும் ஒரே வாரத்தில் முற்றாதபடி ரகத்தைப் பிரித்திருந்தால், மழை எச்சரிக்கை வந்த அன்று முற்றிய துண்டை மட்டும் இயந்திரம் விட்டு எடுத்துவிடலாம்.

கூடவே தரிசு உளுந்தையும் கணக்கில் வையுங்கள். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு நிற்கிற பயிருக்குள் உளுந்தோ பயறோ தெளிப்பது நம் வழக்கம். மண்ணில் மிஞ்சிய ஈரத்திலேயே வளர்ந்துவிடும். அறுவடை இயந்திரத்தின் தடம் பட்ட இடத்தில் முளை நசுங்கும், சங்கிலிச் சக்கரம் உள்ள வண்டியானால் சேதம் கொஞ்சம் குறையும். தெளித்த மறுநாளே பெருமழை பெய்து தண்ணீர் தேங்கினால் விதை அழுகிவிடும். அதனால் முழு விதையையும் ஒரே நாளில் தெளிக்காமல், ஐந்து நாள் முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுத் துண்டு துண்டாகத் தெளியுங்கள். கையில் பாதி விதை மிச்சம் இருந்தால், தண்ணீர் வடிந்த பின் ஈரம் பார்த்து இன்னொரு தடவை போடலாம்.